அடுத்து என்ன வரும் என்று தெரியாத ராத்திரிகள்

எங்கள் ஊர்க் கோவிலில் வைகாசி மாதம் பத்து நாள் திருவிழா. ஆறாம் நாள் ராத்திரி சுவாமி வடக்கு வீதி முக்குக்கு வந்துவிட்டால் அங்கிருந்து நகர ஒன்றரை மணி நேரம் ஆகும். மற்ற மூன்று வீதிகளையும் சேர்த்தால்கூட அவ்வளவு நேரம் ஆகாது. வடக்கு வீதியில் மேளம் நின்று வாசிக்கும் என்பது ஊருக்கே தெரியும். தாத்தா எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்துவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதில் நடந்தது இது. சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி முடிந்திருந்தது. தீவட்டிகளைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள். பெரிய நாகஸ்வரக்காரர் ஆலாபனையை, தாளமில்லாமல் ராகத்தை விரிப்பதை, ஆரம்பித்தார். சண்முகப்ரியா என்று தாத்தா காதோடு சொன்னார். தவில் இரண்டும் சும்மா இருந்தன. பத்து நிமிஷம் போயிருக்கும், அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அதே ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். பெரியவர் வாயில் வைத்து ஊதும் நாணலான சீவாளியைக் கழற்றினார். வாத்தியத்தின் கழுத்தில் தொங்கிய கயிற்றிலிருந்து வேறொன்றை எடுத்து, வாயில் வைத்து நனைத்து, தனியாக ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, அது பொருந்தும் உலோகக் குழாயான கெண்டையில் செருகினார். அவசரமே இல்லை. அப்புறம் மேல் ஸ்தாயிக்குக் கிளம்பினார். போகிற வழியில் ஓரிடத்தில் சத்தம் பிளந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை. பிளந்த இடத்துக்கே திரும்பி வந்தார். அதை வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினார். இந்தத் தடவை ஏறி, அங்கேயே நின்றார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள்.

“தாத்தா, இப்ப எங்க போவாரு?”

“அவருக்கே தெரியாதுடா தம்பி. பேசாம கேளு.”

இந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகப் பாட்டுக் கேட்கப் போய்க்கொண்டிருக்கிறேன். கோவில் வாசல், சபா, பூங்கா, கடற்கரை மணல், ஏசி போட்ட சின்ன அரங்கம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். எந்த வகை இசை என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராது. வாசிக்கிறவருக்கே அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று தெரியாத ஒரு நிமிஷம் வருமே, அது வருகிற இடம் எதுவானாலும் எனக்குச் சரி. அந்த நிமிஷத்தில் எதிரே உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

நாகஸ்வரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் வாசிப்பதற்கென்றே வளர்ந்த வாத்தியம் அது. மைக் கிடையாது, சுவர் கிடையாது, எதிரே வெடிச் சத்தம், மாட்டுவண்டி, பலூன் விற்பவர். அதற்கு நடுவில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். உடம்பு ஆச்சா மரம். அதுவும் பழைய வீடுகளைப் பிரித்தபோது கிடைத்த, வருஷக்கணக்கில் காய்ந்த மரமாக இருந்தால்தான் ஆசாரிகளுக்குத் திருப்தி. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் இன்றும் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளி கொருக்கைத் தட்டையில் செய்வது. ஒரு நாணலின் இரண்டு நாக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஸ்வரம் தள்ளிப்போகும். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு மேல் ஸ்தாயியில் தெரியாத வழியில் இறங்குவது என்றால் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார் என்பதைச் சின்ன வயதில் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணிக்கணக்கு என்பது எனக்கு இப்போது வேறு மாதிரிப் படுகிறது. தெரிந்ததையெல்லாம் வாசித்துத் தீர்த்த பிறகும் அவர் நிறுத்தாமல் இருந்திருக்கிறார். அதற்கு மேல் வந்ததெல்லாம் அந்த இடத்தில், அந்த ராத்திரியில் பிறந்ததுதானே.

வேலைக்காகச் சென்னைக்கு வந்தது 1999இல். முதல் மார்கழியில் பெரிய பெயர்களைத் துரத்திக்கொண்டு ஓடினேன். டிக்கெட் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கடைசி வரிசை. மூன்றாவது வருஷம்தான் மதியக் கச்சேரிகளைக் கண்டுபிடித்தேன். பெரும்பாலான சபாக்களில் மதியம் நடக்கும் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்கள் இளைஞர்கள். கூட்டம் இருக்காது. முதல் வரிசையில் உட்கார்ந்து, மிருதங்கக்காரர் இடது பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவதை ஒரு முழம் தள்ளி இருந்து பார்க்கலாம். கொஞ்சம் அப்புவார், தட்டிப் பார்ப்பார், நகத்தால் ஒரு துளி வழித்து எறிவார், மறுபடி தட்டுவார். சத்தம் மெல்லக் கனத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் ‘கும்’ என்று உட்காரும். என்னைப் பொறுத்தவரை கச்சேரி அங்கேயே தொடங்கிவிடும்.

அப்படி ஒரு மதியம், மயிலாப்பூரில். மேடையில் இருந்தவர்களையும் சேர்த்து எண்ணினேன், 26 பேர். பாடிய பெண்ணுக்கு 20, 22 வயது இருக்கும். ஹேமவதி ராகத்தில் ராகம் தானம் பல்லவி என்று அறிவித்ததும் என் பக்கத்தில் இருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாளம் கண்ட ஜாதி திரிபுடை, ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒன்பது எண்ணிக்கை. வரி தொடங்கும் எடுப்பு, சுற்றின் முதல் தட்டான சமத்தில் இல்லை, ஒன்றரை எண்ணிக்கை தள்ளி. பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த வரியின் ஒவ்வொரு சொல்லும் தாளத்தில் இன்ன இடத்தில்தான் விழ வேண்டும். நிரவலில் சொற்களை இடம் பெயர்க்காமல் மெட்டை மட்டும் புதிதாகச் செய்துகொண்டே போக வேண்டும். வீட்டுத் தூண்களை அசைக்காமல் சுவர்களை மட்டும் மாற்றி மாற்றிக் கட்டுகிற மாதிரி. அப்புறம் திரிகாலம். தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வரியை மட்டும் பாதி வேகத்தில், இரட்டை வேகத்தில் பாடி, ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் வந்து சேர வேண்டும்.

நிரவல் பிரமாதமாகப் போனது. திரிகாலமும் தப்பில்லாமல் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் திஸ்ர நடைக்குப் போனார். நாலு நாலாக ஓடிக்கொண்டிருந்ததை மூன்று மூன்றாக மாற்றி அதே வரியைப் பாடுவது. அங்கே வழுக்கிவிட்டது. வரி அரை எண்ணிக்கை முன்னால் வந்து விழுந்தது. வயலின் வாசித்த பையன் சட்டென்று வில்லைத் தூக்கிவிட்டான். அவர் வாயை மூடிக்கொண்டார். கை மட்டும் நிற்கவில்லை. தட்டு, விரல், விரல், விரல், விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. தம்புராவும் மிருதங்கமும் மட்டுமாக ஒரு முழு ஆவர்த்தனம் போனது. அந்த ஒன்பது எண்ணிக்கையும் அரங்கத்தில் இருந்த எல்லோருடைய தொடையிலும் ஓடியது. பக்கத்துப் பெரியவர் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த ஆவர்த்தனத்தில் ஒன்றரை தள்ளி அந்தப் பெண் அதே வரியை அதே நடையில் எடுத்தார், எடுத்து, போய், வந்து சேர்ந்தார். மிருதங்கக்காரர் அந்த இடத்தில் கொடுத்த அடியில் மேடைப் பலகையே அதிர்ந்தது. இருபது பேர் தட்டிய கைத்தட்டல் நூறு பேர் தட்டிய மாதிரி இருந்தது. “விட்டுட்டுப் போயிருக்கலாம் சார். நமக்கெல்லாம் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது” என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தப் பெண் இப்போது மாலைக் கச்சேரிகளில் பாடுகிறார். நன்றாகவே பாடுகிறார். நான் போகும்போதெல்லாம் அந்த ஒரு ஆவர்த்தன அமைதியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. கச்சேரியிலேயே ஆபத்து அதிகமான இடம் அது. கஞ்சிரா என்ற சின்னத் தோல் வாத்தியத்தை வாசிப்பவரைக் கிட்டத்தில் இருந்து பாருங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார். விரலை நனைத்துத் தோலின் உள்பக்கம் தடவுவார். முன்பு உடும்புத் தோல். உடும்பைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்று ஆன பிறகு ஆட்டுத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறியிருக்கிறார்கள். ஈரம் ஏறினால் சுருதி இறங்கும். விளக்குச் சூட்டில் காய்ந்தால் ஏறிவிடும். அதனால் வாசித்துக்கொண்டே, காதில் வாங்கிக்கொண்டே, இடையில் கிடைக்கும் ஒரு நொடியில் மறுபடி நனைப்பார். குறைப்பு என்று ஒரு கட்டம் வரும். மிருதங்கம் எட்டு ஆவர்த்தனம் வாசித்தால் கஞ்சிரா எட்டு. அப்புறம் நாலுக்கு நாலு, இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று, பாதிக்குப் பாதி. எதிராளி என்ன கேட்கப்போகிறார் என்று தெரியாது, பதில் சொல்லக் கிடைக்கும் நேரம் பாதி பாதியாகத் தேய்ந்துகொண்டே வரும். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகள். அந்த இடத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

பறையை நான் கேட்க ஆரம்பித்தது ரொம்பத் தாமதம். அதற்குக் காரணம் என் காது இல்லை. எங்கள் வீட்டில் பறைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார்கள். சாவு ஊர்வலம், பார்க்கக் கூடாது என்பார்கள். சாதியை அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், ஜன்னல் கதவைச் சாத்தி. வடக்கு வீதியில் மணிக்கணக்கில் நாகஸ்வரம் கேட்ட அதே தாத்தாவும் அதில் உண்டு. அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

2007இல் சென்னை சங்கமம் முதல் தடவையாக நடந்தபோது ஒரு பூங்காவில் பறைக் குழுவைப் பார்த்தேன். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் மரத்தடியில் வைக்கோலும் காகிதமும் போட்டுத் தீ மூட்டி, பறைகளை வட்டமாகச் சாய்த்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகில் பிடித்து விரலால் சுண்டிப் பார்ப்பார், மறுபடி தீயில் காட்டுவார். மண்போலக் கிடந்த சத்தம் சூடு ஏற ஏற முறுகி ‘டண்’ என்று கம்பி மாதிரி ஆகும். மிருதங்கக்காரர் ரவை அப்பும்போது முகத்தில் இருக்கும் அதே கவனம். கிட்டே போய்ப் பேசினேன். இடது கையில் நீளமான மூங்கில் சிம்பு, வலது கையில் குட்டையான தடித்த குச்சி. “இது என்ன மரம் அண்ணே?” என்று கேட்டேன். “பூவரசு” என்றார். தவில் அடிக்கும் கழியும் பூவரசுதான். ஒரே மரத்துக் குச்சி, ஒன்றைக் கோவிலுக்குள் கூட்டிப்போனார்கள், இன்னொன்றை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் எனக்குப் பிடிபட்டது முதலில் கால்தான். பறையடிப்பவர் அடித்துக்கொண்டே ஆடுகிறார், அடவு மாறினால் அடி மாறுகிறது. எட்டுப் பேர் வட்டத்தில் நடுவே இருந்தவர் சாமிச்சாட்டு என்ற அடியிலிருந்து வேறொன்றுக்குத் தாவ ஒரு தோளைத்தான் அசைத்தார். ஏழு பேரும் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு தாவினார்கள். அப்புறம் யாரும் எதிர்பார்க்காமல் ஓரத்தில் இருந்த பையன் ஒருவன் அடியை இரட்டித்துவிட்டான். நடுவில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கண்டிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே அவனை நடுவுக்குக் கையைக் காட்டி அழைத்தார். அடுத்த ஐந்து நிமிஷம் அந்தப் பையன் கொண்டுபோன வழியில்தான் எல்லோரும் போனார்கள். சூடு ஆறி ஒரு பறை தொய்ந்துபோனதும் அதை வைத்திருந்தவர் ஓடிப்போய்த் தீயில் காட்டிவிட்டு ஓடி வந்து, தாளம் பிசகாமல் உள்ளே நுழைந்துகொண்டார். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த அன்று, ஜன்னலைச் சாத்திய எங்கள் பழைய வீடுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு பயம் விட்டுப்போயிற்று என்று சொல்லலாம். எதையும் கேட்கத் தயாரானேன். செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் தெருக்கூத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். முகவீணை என்ற சின்னக் குழல் காதைக் கிழிக்கும், பின்பாட்டுக்காரர்கள் விடியும்வரை அந்த உச்சத்திலேயே நிற்பார்கள். மூன்று மணிக்கு நான் தூங்கிவிட்டேன் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இன்னொரு தடவை போக வேண்டும்.

ஜாஸுக்கு என்னை இழுத்துப் போனவர் அலுவலகத்தில் எனக்கு இளையவர், கிடார் வாசிப்பவர். “அண்ணா, ஒரு தடவை வாங்க, பிடிக்கலைன்னா பாதியில கிளம்பிடலாம்” என்றார். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கம். வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று பேர்: பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ். முதல் இருபது நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிரம்ஸ்காரர் குச்சியே எடுக்கவில்லை. கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்துத் தோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பாஸ்காரர் வில்லைப் பாலத்துக்குக் கீழே, கம்பி வாலோடு சேரும் இடத்தில் வைத்து இழுத்தார். கதவுக் கீல் முனகுகிற சத்தம். பியானோக்காரர் எழுந்து உள்ளே கையை விட்டுக் கம்பியை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் கட்டையைத் தட்டினார். மணியடிக்க வேண்டிய இடத்தில் மரத்தைத் தட்டிய சத்தம் வந்தது. என்னடா இது என்று நான் கடிகாரத்தைப் பார்த்தது உண்மை.

அப்புறம் டிரம்ஸ்காரர் கையிலிருந்து அந்தத் துடைப்பம் நழுவிக் கீழே விழுந்தது. மரத் தரையில் ஒரு ‘ணங்’, அதைத் தொடர்ந்து ஒரு சின்ன உருளல். பாஸ்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த ‘ணங்’ எந்த இடைவெளியில் உருண்டதோ அதே இடைவெளியைக் கம்பியைச் சுண்டி வாசித்தார். பியானோ அதைப் பிடித்துக்கொண்டது. டிரம்ஸ்காரர் குனிந்து எடுத்ததை மறுபடி, இந்தத் தடவை வேண்டுமென்றே, கீழே போட்டார். அங்கிருந்து ஒரு பாட்டே கிளம்பிவிட்டது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். வடக்கு வீதியில் சத்தம் பிளந்த இடத்துக்கு நாகஸ்வரக்காரர் திரும்பி வந்தாரே, அதுவேதான் இது. தவறி விழுந்ததை ஒளிக்காமல் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் அந்தத் தம்பி கொஞ்சம் விளக்கினார். ஜாஸில் நிறையப் பாட்டுகள் 32 அளவுகளில், அதாவது 32 தாளக் கட்டங்களில், ஒரு சுற்று முடியும். முதலில் மெட்டை ஒரு தடவை எல்லோருமாக வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கிளம்பி, அந்த 32க்குள் இருக்கும் கார்டு (ஸ்வர அடுக்கு) மாற்றங்களை விடாமல், மெட்டைத் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டுவார்கள். கையில் தாளம் போட மாட்டார்கள், சுற்று எல்லோர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் மெட்டுக்குத் திரும்பி வருவார்கள். “இது நம்ம நிரவல்தானே தம்பி?” என்றேன். “கிட்டத்தட்ட” என்றார். இரண்டாம் பாதியில் பியானோவும் டிரம்ஸும் நாலு அளவுக்கு நாலு அளவு மாற்றி மாற்றி வாசித்தார்கள். டிரேடிங் ஃபோர்ஸ் என்று அதற்குப் பெயராம். குறைப்பு மாதிரி தேயாது, நாலு நாலாகவே போகும். ஆனால் கேள்வி கேட்பவர் முகத்திலும் பதில் சொல்பவர் முகத்திலும் இருந்த குறும்பு நான் மயிலாப்பூரில் பார்த்ததுதான்.

இப்படிச் சொன்னால் எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று கிடையாது. ஹேமவதியில் இருக்கும் கமகம், ஸ்வரத்தை அசைத்துப் பிடிப்பது, பியானோவில் வராது, பியானோவில் ஒரே சமயத்தில் அடுக்கும் பத்து ஸ்வரங்களை வயலினில் பிடிக்க முடியாது, பறையின் உடம்பு இரண்டிலும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காது வேண்டும், அது வளர வருஷம் ஆகும். இதனாலேயே, நாலு வகை வாத்தியத்தை மேடையில் ஏற்றி ஃப்யூஷன் என்று பெயர் வைத்தால் மட்டும் எனக்குப் போதவில்லை. அப்படிப் பல நிகழ்ச்சிகளுக்குப் போய்ச் சோர்ந்து திரும்பியிருக்கிறேன். எல்லோர் காதிலும் தாளத்தை எண்ணிக் காட்டும் க்ளிக் டிராக் ஓடும். எந்த நொடியில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதுகூட முன்பே முடிவாகியிருக்கும். ஒருவர் வழுக்கினாலும் இன்னொருவர் காத்திருக்க முடியாது. அங்கே பறையும் கிடாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதே இல்லை.

கிடாரையும் நம் வாத்தியங்களையும் சேர்த்த சக்தி குழு ஏன் இன்றும் புதிதாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். ஜான் மெக்லாஃப்ளின், எல்.சங்கர், ஜாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம், ராம்நாட் ராகவன் சேர்ந்து வெளியிட்ட முதல் ஆல்பம் ஸ்டுடியோவில் செய்ததே இல்லை. 1975இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் கூட்டத்துக்கு முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. கல்லூரி நாட்களில் நண்பன் வீட்டுக் கேசட்டில் கேட்டபோது விக்கு அவர்களின் கடம்தான் என்னை அசைத்தது. கிடார் எவ்வளவு வேகத்தில் ஓடினாலும் அது பின்னால் ஓடவில்லை, வழிமறித்து நின்று கேள்வி கேட்டது. பின்னாளில் அதே மேடைக்கு மாண்டலின் ஸ்ரீனிவாஸும், விக்கு அவர்களின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடும் வந்தார்கள். ஸ்ரீனிவாஸ் 2014இல் போய்விட்டார். 2024 டிசம்பரில் ஜாகிர் ஹுசைனும். அவர்களை நேரில் கேட்டுவிட வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த நான் இரண்டு பேரையும் தவறவிட்டேன். அந்த வருத்தத்துக்குப் பிறகு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தக் கச்சேரியையும் விடுவதில்லை.

பதிவுகளுக்கு நான் எதிரி இல்லை. வீட்டில் தினமும் ஓடுகிறது. ஆனால் பதிவில் பத்தாவது தடவை கேட்கும்போது திஸ்ர நடையில் வழுக்கப்போகிறது என்று எனக்கு முன்பே தெரியும். அந்தப் பாடகிக்கு அன்று தெரியாதது எனக்குத் தெரிந்துவிடுகிறது. நேரில் இரண்டு பேருக்கும் தெரியாது, அதுவும் ஒரே நேரத்தில். அதனால்தான் கையைப் பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். மேடையின் இடது பக்கமோ வலது பக்கமோ, வாத்தியக்காரரின் விரல் தெரிகிற இடம். கைபேசியில் படம் பிடித்தால் கண் திரைக்குப் போய்விடும், அந்த நொடி உங்களைத் தாண்டிப் போய்விடும். சலிப்பு வந்தால் எழுந்துவிடாதீர்கள். ஒரு மின்னணு இசை நிகழ்ச்சியில் வெறும் இரைச்சல் என்று இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். கடைசிப் பத்து நிமிஷம் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு தாலாட்டு எழுந்து வந்ததாம். கூட வந்தவர் மறுநாள் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

பெசன்ட் நகர் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் ஒரு விழா தொடங்கினார்கள். மீனவர் தெருவிலேயே மேடை. கர்நாடக சங்கீதம், பறை, வில்லுப்பாட்டு என்று அடுத்தடுத்து வந்தன. ஒரு வருஷம் மகளைக் கூட்டிப் போனேன், அவளுக்கு அப்போது எட்டு வயது. ஆலாபனை நடக்கும்போது பின்னால் அலைச் சத்தம், மீன் வாடை, யாரோ வீட்டுக் குக்கர் விசில். பாடிய பெண்மணி கீழ் ஸ்தாயியில் இறங்கி நின்ற நேரம் அலை ஒன்று உடைந்தது. அவர் அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அது அடங்கிய இடத்திலிருந்து அடுத்த பிடியை எடுத்தார். மகள் என் சட்டையை இழுத்தாள். “அப்பா, அவங்க கடலுக்காக வெயிட் பண்ணாங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் வந்த வில்லுப்பாட்டில் குடத்தைத் தட்டியவரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பித்தளைக் குடம் ஒன்றில் நெளிசல் விழுகிறவரை தட்டினாள். அந்தக் குடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, இதைப் படிக்கும் சென்னைவாசிகளுக்கு ஒன்று. பங்குனியில் மயிலை கபாலீசுவரர் கோவில் பெருவிழா. அறுபத்துமூவர் அன்று கூட்டத்தில் மேளம் காதில் விழாது, அன்று வேண்டாம். மூன்றாம் நாள் விடியற்காலை அதிகார நந்தி. சுவாமி கோபுர வாசலுக்கு வரும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி கிளம்பும். அதில் சொல் கிடையாது, வெறும் ஸ்வரமும் தவிலும்தான், காலப் பிரமாணம், அதாவது வேகம், ஏறிக்கொண்டே போகும். அது முடிந்து வீதியில் சுவாமி நின்ற பிறகு என்ன ராகம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாகஸ்வரக்காரரின் கை தெரிய வேண்டுமென்றால் கிழக்கு மாட வீதியில் ஐந்தரைக்குள் நின்றுவிட வேண்டும். நானும் மகளும் வருவோம், இந்த வருஷம் அந்தக் கிடார்த் தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு தெர்மோஸில் காபி கொண்டுவருகிறேன், நாலைந்து பேருக்குக் காணும்.